எரிகோலத்து அம்மாள்

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் படங்களை எப்போதும் அளவுக்கு மீறிய உயரத்தில்தான் மாட்டுவார்கள். சுவர் கூரையைத் தொடப்போகும் இடத்தில் ஓர் ஆணி, அதிலிருந்து முன்னால் சரிந்தபடி ஒரு படம். சாமியானாலும் சரி, செத்துப்போன தகப்பனானாலும் சரி, கழுத்தை முறித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். படம் பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் இருந்த காலமெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் நன்றாகத் தலையாட்டினார்கள். ஊரில் ஓர் ஆணிகூடக் கீழே இறங்கவில்லை.

ஐயா வாக்குமூலம் எழுதும் வேகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். சொல்வதெழுதல் சொல்லிப் பழகிய வாய் இது. பெயர் பேரின்பராசா. ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையைத் தாண்டி வயலுக்குள் போகும் வீதியில் வீடு. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. நல்லரத்தினம் கனடாவிலிருந்து வந்து கொடுத்த முறைப்பாடு முழுக்க உண்மை. அவன் வரைந்த படத்தை அவனுடைய அக்கா வீட்டிலிருந்து எடுத்தவன் நான்தான். உங்கள் ஆட்கள் அதை எடுத்துப்போக வந்தபோது நான் ஒன்றும் தடுக்கவில்லை. நிறத்தில் விரல் படாமல் ஓரத்தில் பிடியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

படம் ஒரு பள்ளிக்கொப்பியின் மட்டை அளவுதான். அதைக் கண்டதும் உங்கள் சார்ஜன் சிரித்துவிட்டார். "இதுக்கா சேர் இவ்வளவு பாடு?" என்றார். அவர்மேல் பிழையில்லை. அது என்ன படம் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நல்லரத்தினமும் நானும் ஒரே வகுப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வரைபலகைதான் இருந்தது. மாறி மாறிப் பாவித்தோம். அவன் என்னைவிட நன்றாக வரைந்தான். இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது. பிரச்சினைக் காலத்தில் அவன் கனடாவுக்குப் போய்விட்டான். நான் இங்கேயே ஆசிரியர் வேலை எடுத்தேன். அங்கே அவன் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நாட்களில், சின்னக் கம்பனி ஒன்று புதிதாக ஒரு சீட்டு விளையாட்டை வெளியிட ஆயத்தம் செய்தது. நாங்கள் விளையாடும் முன்னூற்றுநாலு மாதிரி இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், அதற்கென்று ஒரு பெயர், ஒரு சக்தி. பூதமும் மந்திரவாதியும் பாம்பும் இருக்கும். இரண்டு பேர் மேசையில் எதிரெதிரே இருந்து சீட்டுகளை மோதவிடுவார்கள். படம் வரைய மலிவாக ஆள் தேடினார்கள். நல்லரத்தினம் ஒரே ஒரு படம் வரைந்து கொடுத்தான்.

அந்தச் சீட்டுக்கு 'நகரை எரிப்பவள்' என்று பெயர். அதை ஒருவன் மேசையில் வைத்தால், வைத்தவனுடையதும் எதிராளியுடையதும் மேசையில் இருக்கிற எல்லாச் சீட்டும் எரிந்துபோனதாகக் கணக்கு. சக்தி அளவுக்கு மிஞ்சிவிட்டது. முதலாம் பதிப்போடு அதை அச்சடிப்பதை நிறுத்தினார்கள், போட்டிகளில் தடை செய்தார்கள். தடை செய்ததும் எல்லாருக்கும் அது வேண்டுமென்றாகிவிட்டது. அந்த விளையாட்டு இன்றைக்கு உலகம் பூராவும் பரவியிருக்கிறது. வளர்ந்த ஆண்கள் அந்தச் சீட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காவல் காக்கிறார்கள். அச்சடித்த சீட்டுக்கே அப்படியென்றால், கையால் வரைந்த மூலப் படத்தை யோசித்துப் பாருங்கள். அது ஒன்றுதான் இருக்கிறது. கம்பனி வேலை முடிந்ததும் அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தது. அவன் அதை ஊரிலிருந்த அக்கா புஸ்பத்துக்கு அனுப்பிவைத்தான்.

ஐயா பதுளைப் பக்கம் என்றபடியால் இதையும் சொல்கிறேன். இந்த வாவிக்கரையில் ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் கோவில் உண்டு. பார்சலைப் பிரித்த புஸ்பமக்கா என்ன கண்டார்? விரித்த தலைமயிரோடு ஒரு பெண். தூக்கிய கையில் ஒற்றைச் சிலம்பு. பின்னால் மாடமாளிகைகள் எரிகின்றன. அக்கா அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி அங்க போயும் அம்மாளை மறக்கல்ல பாருங்க சேர்" என்று என்னிடம் சொல்லி அழுதார். சீட்டு விளையாட்டுப் படம் சாமியறைக்குள் போன கதை இதுதான். அக்கா ஏமாந்துபோனார் என்றும் சொல்ல முடியாது. நல்லரத்தினம் மனதில் வைத்து வரைந்ததும் அம்மாளைத்தான், வெள்ளைக்காரனுக்காகப் பெயரை மட்டும் மாற்றினான்.

அந்த முகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் எரிகிற நகரத்தைப் பார்க்கவில்லை. நம்மைப் பார்க்கிறாள். அழுகையும் கோபமும் ஒரே வாயில் இருக்கின்றன. கீழுதட்டை அவன் ஒரு இழுவையில், தூரிகையை எடுக்காமல் போட்டிருக்கிறான். நான் எத்தனையோ தடவை கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். எப்படிப் போட்டான் என்று பிடிபடவில்லை. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பிட மனம் வராது. அது பொறாமைதான். வேறு பெயர் சொல்லி உங்களை நான் சுற்றிவிடப் போவதில்லை.

அந்த முகத்துக்குப் புஸ்பமக்கா தினமும் கற்பூரம் காட்டினார். கண்ணாடி இருந்தவரை புகை கண்ணாடியோடு போனது. ஒரு கச்சான் காற்றில் படம் விழுந்து கண்ணாடி உடைந்தது. அக்கா உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அம்மாளுக்கு நேராகவே பொட்டு வைக்கத் தொடங்கினார். நிறத்தின் மேலே சந்தனம், சந்தனத்தின் மேலே குங்குமம். வேறு கண்ணாடி நான் போட்டுத் தருகிறேன் என்றேன், விளக்குக்குப் பக்கத்திலிருந்து தள்ளியாவது வையுங்கள் என்றேன். அக்கா சிரித்தார்.

"சேருக்கு எங்கட அம்மாள்ள ஒரு கண்."

"அக்கா, நிறம் உரிஞ்சிரும்."

"அவ அவட நிறத்தப் பாத்துக்கொள்ளுவா. நீங்க தேத்தண்ணியக் குடிங்க."

இடையில் நல்லரத்தினம் தொலைபேசியில் பேசினான். அந்தப் படத்தைத் தேடி ஆட்கள் தன்னிடம் நடையாய் நடக்கிறார்கள் என்றான். அக்காவிடம் கேட்டானாம், அம்மாளை விற்கிறதா என்று அவர் ஏசிவிட்டாராம். "அவட்டயே இரிக்கட்டும்டா. நீ பக்கத்திலதானே இரிக்காய், பாத்துக்கொள்ளு" என்று சொல்லிச் சிரித்தான். உலகமே தேடுகிற ஒரு படத்தைப் போட்டுவிட்டு, அது இருந்தாலென்ன போனாலென்ன என்று சிரிக்க அவனுக்கு முடிகிறது. எனக்கு அன்று பூராவும் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் பாத்துக்கொள்ளு என்று அவன்தான் சொன்னான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாமான் எடுத்த விவரம் மட்டும் போதும் என்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன், ஆனால் காய்ச்சலைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

புஸ்பமக்காவுக்கு ஒரே மகள், கம்சாயினி. தகப்பன் அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே காணாமல் போனவர். அவள் என்னிடம் சித்திரம் படித்த பிள்ளை. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தெருவில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித்தான் பேசுவாள், பகிடிக்கும் குறைவில்லை. "சேர், இந்தச் சேட்டுக்கு அந்தச் சாரன் ஒத்துப்போகல்ல. நிறச் சக்கரம் படிப்பிச்சது நீங்கதானே?" என்று ஒருநாள் கடைச் சந்தியில் வைத்துக் கேட்டாள். அவளை எனக்குப் பிடிக்கும். இதை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உங்கள் விருப்பம்.

மார்கழி மழை விட்டு வயல் வட்டைகளில் தண்ணீர் நின்ற நேரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, கண்கள் சிவந்துவிட்டன. பனடோல் கொடுத்தார்கள், கேட்கவில்லை. அதோடு கைகளில் செம்மையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டு அம்மாள் வருத்தம் என்றார்கள். கொப்புளம் போட்டாலும் சரி, சும்மா சிவந்தாலும் சரி, எங்கள் ஆட்களுக்கு அது அம்மாள் வந்து இறங்குவதுதான். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், வெளியாட்களை உள்ளே எடுக்கமாட்டார்கள், மருந்தும் கொடுக்கமாட்டார்கள். புஸ்பமக்கா என்னை அழைத்துக் கேட்டார். அந்த வீட்டுக்குப் படித்த மனிதன் என்றால் நான்தான். நானும் அது அம்மாள் வருத்தம் என்றுதான் நினைத்தேன் என்று இப்போதைக்கு எழுதுங்கள். பிறகு திருத்துவோம்.

பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சாமியறைக்குள் போனேன். படத்தின் நெற்றியில் அன்றைய குங்குமம் ஈரமாக இருந்தது. ஒரு துளி இறங்கிக் கீழுதட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அந்த வசனம் வாயில் வந்தது. முன்கூட்டி யோசித்து வைத்ததல்ல.

"அக்கா, அம்மாள் எரிக்கிற கோலத்தில நிக்கா. நீங்க குளுத்தாமலே வீட்டில வெச்சிரிக்கீங்க."

உங்களுக்கு இது சாதாரணப் பேச்சாகப் படலாம். எங்கள் கோவில்களில் வைகாசிச் சடங்கின் கடைசி நாள் குளுத்தி நடக்கும். மதுரையை எரித்துவிட்டுக் கொதிப்போடு வருகிற அம்மாளைத் தண்ணீராலும் பாட்டாலும் குளிரவைப்பார்கள். குளிர்ந்த பிறகுதான் ஊருக்கு நன்மை. கொதிப்போடு அவளை அப்படியே விட்டுவைக்கும் துணிச்சல் இங்கே யாருக்கும் வராது. இந்தப் படத்திலோ அவள் எரித்துக்கொண்டே நிற்கிறாள், அதுவும் எத்தனை வருடமாக. கண்ணாடி, புகை, நிறம் என்று நான் தொண்டை கிழியச் சொன்ன எதுவும் ஏறாத தலையில் இந்த ஒரு வசனம் ஏறிவிட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்ப நான்தானா சேர் பிள்ளைக்கு இதச் செஞ்சிரிக்கன்?"

"அப்பிடிச் சொல்லாதீங்க. குளுத்தி செஞ்சி, அம்மாளை வாவியில விட்டுருவம். எல்லாம் சரியாகிரும்."

அவர் தயங்கவில்லை. பிள்ளையை விடப் படம் பெரிதா என்றார். ஆனால் ஒன்று சொன்னார், கட்டாடியாரிடமும் ஒரு சொல் கேட்போம் என்று. எங்கள் அம்மன் கோவில் பூசகரைக் கட்டாடியார் என்போம். அந்த மனிதர் விவரமானவர். காய்ச்சல் என்று யார் போனாலும் திருநீறு போட்டுவிட்டு, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டுகிறவர். ஆகவே நான் அவரிடம் போகவில்லை. போய்க் கேட்டேன், வெள்ளிக்கிழமை செய்யச் சொன்னார் என்று அக்காவிடம் வந்து பொய் சொன்னேன்.

ஏன் வெள்ளிக்கிழமை? படத்தைத் தண்ணீரில் விட எனக்கு மனம் வருமா? அதற்குப் பதிலாக விடுவதற்கு இன்னொன்று வேண்டும். அக்கா கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே வெறும் பலகையைச் சுற்றிக் கொடுக்க முடியாது. முன்பே என்னுடைய தொலைபேசியில் படத்தை எடுத்து வைத்திருந்தேன். அதே அளவில் ஒரு பலகை அறுத்து, பிரதி எடுக்கத் தொடங்கினேன். அது காய்வதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் முடியாது.

அந்த நாட்களில் நான் நன்றாக வேலை செய்தேன், ஐயா. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அப்படி ஒரு சந்தோசத்தோடு தூரிகை பிடித்து எவ்வளவோ காலம். காலையும் மாலையும் கம்சாயினியைப் பார்க்கப் போவேன். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், இளநீர் வாங்கிக் கொடுப்பேன். அப்படியே சாமியறைக்குள் போய் நெருப்பின் மஞ்சளையும் கூந்தலின் கருநீலத்தையும் கண்ணில் ஏற்றிக்கொண்டு வருவேன். தொலைபேசிப் படத்தில் நிறம் பொய்யாக இருக்கும். நேரில் பார்ப்பதுபோல வராது.

அஸ்பாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறாவூர் முஸ்லிம் பையன், கொக்கட்டிச்சோலைப் பக்கம் கல்யாணம் முடித்த ஒரு கூட்டாளியோடு சேர்ந்து இங்கே ஓட்டோ ஓடுகிறவன். முன்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவன்தான். ரீச்சர் வேலைக்கு வரவில்லை என்று தேடி வந்தான். வாசலில் வேப்பிலையைக் கண்டதும் வெளியிலேயே நின்றுகொண்டான். என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"சேர், ரீச்சரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமே. பாலத்தால போனா எவ்வளவு நேரம்? என்ட தங்கச்சிக்கும் இப்பிடித்தான் வந்த, ரத்தம் சோதிச்சுப் பாத்தாங்க."

"தம்பி, இது அம்மாள் வந்த வீடு. நீங்க உள்ளுக்கு வரப்படாது."

"நான் வரல்ல சேர். நீங்க கூட்டி வாங்க, நான் ஓட்டோவில இரிக்கன்."

"எங்கட வழக்கம் உங்களுக்கு விளங்காது" என்றேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். இந்தப் பக்கத்தில் ஒருவனை வாயடைக்க அதைவிட லேசான வசனம் இல்லை. அதை நான் தெரிந்துதான் சொன்னேன்.

வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. விடிய நான் போனபோது புஸ்பமக்கா வாசலுக்கே ஓடிவந்தார். "சேர், அம்மாள் குளுந்திட்டா. மேலெல்லாம் குளிராக் கிடக்கு" என்றார். பிள்ளையின் கைகால் உண்மையாகவே குளிர்ந்திருந்தது. வியர்த்திருந்தாள். வயிறு நோகிறது என்றாள், இரண்டு தரம் சத்தி எடுத்திருந்தாள். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, காய்ச்சல்தான் விட்டதே, இனி அம்மாளை அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கும்பிட்டால் என்ன என்று கேட்டார். அந்தப் படத்தின் மேல் அவருக்கும் ஆசை இருந்தது, தம்பியின் கை பட்டது அல்லவா.

என் பிரதியில் அப்போது முகம் மட்டும் மிச்சம். நான் சொன்னேன், "வாக்குக் குடுத்துப்போட்டு மாறினா அம்மாள் திரும்பி வருவா அக்கா. நாளைக்கு விட்டிட்டு வந்து, வயித்து நோவுக்கு ஆஸ்பத்திரியில காட்டுவம்." அவர் சரி என்றார்.

வெள்ளி காலை குளுத்தி என்று நாங்கள் செய்தது மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்து ஒரு சின்னக் கும்பிடுதான். சட்டத்தோடு நீரில் விடக்கூடாது என்று சொல்லிப் படத்தை என் வீட்டுக்கு எடுத்துப்போனேன். பிரதியைச் சிவப்புப் பட்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். நினைத்தபடியே அக்கா முகம் பார்க்கக் கேட்டார். பட்டை விலக்கினேன். நெடுநேரம் பார்த்தார். அதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

"கோவம் போயிற்று சேர். அம்மாட முகத்தில கோவமே இல்ல" என்றார்.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டு ஆறுதலாக அழுதார். நான் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு இழுவையாகப் பிரதி எடுத்திருந்தேன். அளவு சரி, நிறம் சரி, உதட்டின் வளைவும் சரி. கோபம் மட்டும் வரவில்லை. அதைச் சொல்ல ஒரு சித்திரக்காரன் தேவைப்படவில்லை, கண்பார்வை மங்கிய ஒரு பெண் சொல்லிவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. தோணியில் போகும்போதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மிதந்து யாராவது வலையில் மாட்டக்கூடாதென்று பட்டுக்குள் கல் வைத்துக் கட்டியிருந்தேன். நடு வாவியில் விட்டதும் நேராக இறங்கிப் போயிற்று.

நாங்கள் கரையேறி வீட்டுக்கு வந்தபோது கம்சாயினி இல்லை. அஸ்பாக் திரும்பவும் வந்திருக்கிறான். உள்ளே பிள்ளை முனகுகிற சத்தம் கேட்டு, வேப்பிலையைத் தள்ளிவிட்டு உள்ளே போய், பக்கத்து வீட்டுப் பெண்ணையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். பல் முரசிலிருந்து ரத்தம் வந்ததாம். மண்முனைப் பாலத்தின் மேலே போகும்போது அவள் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று அவன் பிறகு சொன்னான். ஆஸ்பத்திரியில் டெங்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். செத்தவீட்டில் அஸ்பாக் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புஸ்பமக்கா டெங்கு என்பதை நம்பவில்லை. எரிகோலத்து அம்மாளைத் தெரியாத்தனமாக வீட்டில் வைத்தேன், மகளைக் கொடுத்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறார். சாமியறையைப் பூட்டிவிட்டார். விளக்கு வைப்பதில்லை. நான் வாரத்துக்கொருதரம் போய் அவரோடு இருந்துவிட்டு வருவேன். தன்னைத் தானே திட்டிக்கொண்டு அழுவார். அப்படியில்லை அக்கா என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டிவரும்.

படத்தை நான் விற்க முயலவில்லை. அதை உங்கள் ஆட்களே விசாரித்து அறிந்திருப்பார்கள். சந்தனத்தையும் புகைக் கறுப்பையும் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பழைய வரைபலகையில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டுக்காரர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடம் ஒன்று உண்டு. அக்கா தம்பிக்குச் சொன்னது அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. 'நகரை எரிப்பவள்' மூலப் படத்தை யாரோ ஒரு அறியாத பெண் வாவியில் எறிந்துவிட்டாள் என்று அங்கே ஒப்பாரி வைத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பெயர் போடாமல், படம் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு புகைப்படத்தோடு எழுதினேன். காப்பாற்றியவன் ஒருவன் இருக்கிறான் என்று யாராவது அறிய வேண்டும்போல இருந்தது. புகைப்படத்தில் வரைபலகையின் ஓரமும் விழுந்துவிட்டது. அதில் நல்லரத்தினம் சின்ன வயதில் கத்தியால் செதுக்கிய எங்கள் இரண்டு பேரின் முதலெழுத்தும் இருந்தது. அதைக் கண்டு அவன் விமானம் ஏறி வந்துவிட்டான்.

அவனும் உங்களைப்போலப் படத்தைப் பற்றி மட்டுமே கேட்கிறான். மற்றது யாருக்கும் தெரியாது. முறைப்பாட்டிலும் இல்லை. ஏன் எடுத்தாய் என்று நீங்கள் கேட்டபோது காப்பாற்றத்தான் எடுத்தேன் என்று சொன்னேன். ஒரு வருடமாக எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படுத்தால் நித்திரை வருவதில்லை. காப்பாற்றியவனுக்கு நித்திரை வராமல் போவானேன்?

முன்பு ஓரிடத்தில், நானும் அம்மாள் வருத்தம் என்றுதான் நினைத்தேன் என்று எழுதச் சொன்னேன் அல்லவா. அதை வெட்டிவிடுங்கள்.

அந்தக் காய்ச்சலுக்கு முந்திய மழைக்காலத்தில் சுகாதாரப் பகுதியினர் டெங்கு விழிப்புணர்வுக்கு ஒரு சுவரொட்டி கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் வரைந்து கொடுத்தேன். கட்டிலில் ஒரு பெண், சிவந்த கண், கையில் செம்பொட்டுகள். குளிர்ந்த கையை எப்படிக் காட்டுவது என்று யோசித்து, தாய் அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுபோலப் போட்டேன். கீழே பெரிய எழுத்தில், 'காய்ச்சல் விட்டதும்தான் கவனம்' என்று எழுதினேன். வசனமும் என்னுடையதுதான். எழுதுமுன் டொக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அச்சான ஒரே படம் அது. பள்ளிக்கூடம், கடை, முன்பள்ளி எல்லா இடத்திலும் ஒட்டினார்கள். அதை வரைந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் அதை நின்று பார்த்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம், அக்கா குளுத்திக்கு வேப்பிலை பறிக்க வெளியே போன நேரம், நான் கம்சாயினிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். வீட்டுக்குப் போய் முகத்தை முடிக்க வேண்டும் என்று மனம் பறந்துகொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். தன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"சேர், இது நீங்க கீறின படத்தில இரிக்கிற மாதிரியே இரிக்கு. எங்கட முன்பள்ளியில ஒட்டியிரிக்கே, அது. பிள்ளைகள் நித்திரையாகினாப் பிறகு நான் அதத்தான் பாத்துக்கொண்டிருப்பன். அவட கைய எவ்வளவு வடிவாக் கீறியிரிக்கீங்க. காய்ச்சல் விட்டாப் பிறகுதான் கவனம் எண்டு நீங்கதானே எழுதின? எனக்கு இது டெங்குதானே சேர்? ஆஸ்பத்திரிக்குப் போகோணுமா?"

நான் வரைந்த ஒன்றைப் பார்த்து ஒரு ஆள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதைக் கேட்கத்தான் அவ்வளவு காலமும் காத்திருந்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் ஏற்றியிருந்தால், பாலம் தாண்டி இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அக்காவுக்கு அது அம்மாள் இல்லை என்று தெரிந்திருக்கும். படமும் சாமியறையிலேயே இருந்திருக்கும்.

நான் அவளுடைய கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன்.

"இல்ல மகள்" என்றேன். "அது சும்மா ஒரு படம்."